பதினொன்றைத் தாண்டாத கணினி

மாமல்லபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டினால் யுஎஸ்பி துளைகள்கூடத் துருப்பிடிக்கும். மாடியறையில் இருக்கும் என் பழைய கணினியில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அதற்குள்தான் மனைவியின் பன்னிரண்டு வருடப் படங்கள் இருந்தன. அவள் புவியியல் ஆசிரியை. மாதம் தவறாமல் கடற்கரையில் ஒரே இடத்தில் நின்று, கடல் எவ்வளவு மணலைத் தின்றிருக்கிறது என்று படமும் வீடியோவும் எடுப்பவள். அன்று மாலை நாவலூர் அடுக்ககம் ஒன்றில் அதைக் காட்டிப் பேச வேண்டும். நான்கு மணிக்குக் கார் வரும். அதற்குள் அத்தனையும் வீட்டு நெட்வொர்க் வழியாகக் கீழே ஹாலில் உள்ள அவளது லேப்டாப்புக்கு இறங்கியாக வேண்டும்.

மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கினேன். ஐந்து மணி நேரம் ஆகும் என்றது திரை.

"ஏங்க, இதைப் போன வாரமே செஞ்சிருக்கலாம்ல?"

"போன வாரம் மட்டும் இந்தக் கணினி வேகமா இருந்திருக்குமா?"

"நீங்க இருந்திருப்பீங்க."

வைரஸ் தடுப்பானை நிறுத்தினேன். பின்னணியில் ஓடியவற்றை மூடினேன். இணையத்தில் முகம் தெரியாதவர்கள் சொன்ன அமைப்புகளையெல்லாம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பம். ஒவ்வொரு முறையும் நொடிக்குப் பதினொரு எம்பி. மணி இரண்டு.

அப்போதுதான் எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. வயதானது என்றால் தடுமாற வேண்டும். என் முழங்காலே ஒருநாள் போல் மறுநாள் இருப்பதில்லை. இது பத்துக்கு இறங்கவில்லை, பன்னிரண்டுக்கு ஏறவில்லை. யாரோ கோடு கிழித்து நிறுத்தியது மாதிரி இருந்தது. யார்?

கணினியிலிருந்து போகும் நெட்வொர்க் கேபிளைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினேன். வாசலருகே ரவுட்டர். அதற்குச் சற்று முன்னால் கேபிளின் வயிறு கிழிந்து, நான்கு கம்பிகள் மட்டும் தனியே பிரிந்து அழைப்பு மணியின் பொத்தானுக்குப் போயிருந்தன. கிழித்தது நான்தான். மாடியில் இருந்தால் மணி கேட்பதில்லை என்று, எட்டுக் கம்பிகளில் நான்கு சும்மாதானே இருக்கின்றன என நினைத்து, மணியை மாடிக்குக் கொண்டுபோன மேதைமை. சுவரில் புதிதாக ஓட்டை போடவில்லை என்று அப்போது பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது. எட்டும் இருந்தால்தான் முழு வேகம் வரும். நான்கோடு ஒப்பேற்றிக்கொண்டிருந்த கணினியைத்தான் கிழடு என்று திட்டியிருக்கிறேன்.

மணியைத் துண்டித்து, இரு முனைகளிலும் புது இணைப்பான் போட்டேன். அறுபது எம்பி! மூன்றே காலுக்குள் பாதி இறங்கிவிட்டது. பிறகு சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தன, வேகம் தளர்ந்தது. நான்கு அடித்தபோது கடைசி இரண்டு வருடக் கடல் மிச்சம். நல்லவேளையாகக் கார் வரவில்லை.

நான்கு பத்துக்கு எல்லாம் முடிந்தது. அதே நேரம் கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் ஓட்டுநர்.

"இன்னா அண்ணாத்த! பத்து நிமிசமா பெல்லு அட்ச்சிகினு கீறேன். வூட்ல யாரும் இல்லியா இன்னா?"

மனைவி லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

கார் தெருமுனை திரும்பியதும் பொத்தானுக்கு மேல் ஒரு தாளை ஒட்டினேன்: குரல் கொடுக்கவும்.