நாலாகிப்போன மந்தை

பெர்மெட் தலைநகரான பிஷ்கெக்கில் மாதக்கணக்காய் உட்கார்ந்து, மந்தைக்காரர்களுக்காகக் குதிரைகளைப் பதிந்து வைக்கும் இணையச் செயலி ஒன்றை எழுதினாள். நாரின் பகுதியின் மேய்ச்சல் மலையில் அவள் அப்பா காசிமாலிதான் முதல் ஆளாக, தன் குதிரைகளை ஒவ்வொன்றாகக் கைபேசியில் பதிந்தார். பக்கத்தில் நின்று மகள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் 'சேமி'யை அழுத்தினார். சரிவு நிறைய நின்ற மந்தை திரையில் நாலே குதிரையாகச் சுருங்கிப்போனது.

பெர்மெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, மத்ததையெல்லாம் உன் செயலி ஓநாய் மாதிரி தின்னுடுச்சா?"

"இருங்கப்பா! பேருன்னு கேட்ட இடத்துல என்ன போட்டீங்க?"

"செவலை, கருப்பு, சாம்பல், வெள்ளை. குதிரைக்கு நிறத்தை விட்டா வேற ஏது பேரு?"

 ஒரே பேர் மறுபடி வந்தால், அந்தப் பதிவை யாரையும் கேட்காமல் அழித்துவிடு என்று செயலிக்குள் எழுதிவைத்த மகராசி அவள்தான். சோதித்துப் பார்த்தபோது மின்னல், புயல், இளவரசி என்று தானே பேர்களைக் கற்பனை செய்து போட்டிருந்தாள். அப்போது ஒரு குதிரைகூடத் தொலையவில்லை. அதை அப்படியே அப்பாவிடம் ஒப்புக்கொண்டாள்.

"அடிப்பாவி!" அப்பா சிரித்தார். "பள்ளிக்கூடத்துக்கு உன்னைச் சுமந்துட்டுப் போச்சே, அதை என்னன்னு கூப்பிட்டே?"

பெர்மெட்டும் அதைச் செவலை என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.