பார்த்துக்கொள்வதும் வளர்ப்பதும்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இடமில்லை. கைக்குழந்தையோடு நின்ற என்னைப் பார்த்து, ஜன்னலோரம் இருந்த பெண் கை நீட்டி என் மகனை மடியில் வாங்கிக்கொண்டாள். வெளுத்த சுடிதார், களைத்த கண்கள். அவன் தலை கம்பியில் இடிக்காமல் இருக்க நடுவே தன் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஆனாலும் எனக்குப் படபடப்பு. “ஹோல்ட் டைட், கண்ணா,” என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

“கொழந்தைகிட்டயே இங்கிலீஷ்ல பேசறீங்க, எனக்கும் ஒரு டவுட் சொல்லுங்கக்கா,” என்று சிரித்தாள். அடுத்த வாரம் சிங்கப்பூரில் ஒரு வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாளாம். “‘லுக் ஆஃப்டர்’, ‘பிரிங் அப்’ ரெண்டும் ஒண்ணா?”

“இல்ல. மொதல்ல சொன்னது பாத்துக்கறது. இன்னொண்ணு வளர்க்கறது.”

“அப்போ அந்தக் கொழந்தைய நான் லுக் ஆஃப்டர் பண்ணுவேன். என் பொண்ண எங்கம்மா லுக் ஆஃப்டர் பண்ணுவாங்க. பிரிங் அப் பண்றது நான்தானேக்கா?”

ஆமாம் என்று உடனே சொல்லியிருக்கலாம். மகளைப் போனில் மட்டும் பார்க்கப்போகிற தாய்க்கு அந்தச் சொல் பொருந்துமா என்று யோசித்து நின்றுவிட்டேன்.

“பரவால்லக்கா, விடுங்க,” என்று மகனை என்னிடம் கொடுத்துவிட்டு வேங்கிக்காலில் இறங்கினாள்.

பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியே, “நீதாம்மா, நீதான் வளர்க்கற!” என்று கத்தினேன். அவள் திரும்பிக் கையசைத்தாள். நான் சொன்னது கேட்டதென்று கையசைத்தாளா, என் மகனுக்கு டாட்டா காட்டினாளா, தெரியவில்லை.