வீட்டுப்பாடத்துக்கு அம்மா கொடுத்த பதில்

வெள்ளைக்காரன் காலத்தில் நான் பருத்திப்பட்டு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் வாத்தியார் பகலெல்லாம் நாற்காலியில் கண்ணயர்ந்தபடி கல்வி புகட்டுவார். சொல்லித் தராமல் விட்டதையெல்லாம் பெருந்தன்மையோடு வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுவார். கடலை பிடுங்கும் நேரத்தில்கூட நான் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் ஒரு கூடை வேர்க்கடலையைச் சுமந்துவந்து வாத்தியாரின் மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் அவர்.

"இஸ்கோல் வேலைய நீங்க எங்க ஊட்டுக்கு அனுப்புறீங்க. ஊட்டு வேலைய நான் இங்க கொண்டாந்துகீறேன். பசங்கள உரிக்கச் சொல்லுங்க."

கூடையை அங்கேயே விட்டுவிட்டு அம்மா கழனிக்குப் போய்விட்டாள். வேறு வழி தெரியாமல் வாத்தியார் எங்களை உரிக்க உட்காரவைத்தார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகளின் சுறுசுறுப்பைக் கண்டு பூரித்துப்போய், கைத்தொழில் கற்பிக்கும் உத்தம ஆசிரியர் என்று வாத்தியாரை மெச்சினார்.

மறுநாளிலிருந்து எங்களுக்குத் தினமும் கைத்தொழில் வகுப்பு நடந்தது. வாத்தியார் வீட்டுக் கடலையை நாங்கள் உரித்தோம். அதனால் தவறிப்போன பாடங்களையும் சேர்த்து அவர் எங்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தனுப்பினார்.