வெயிலைத் துரத்திய கேரவன்

ஊராரை ஒழுங்காகக் குளிக்க வைப்பதுதான் சிக்ஃபூஸின் உத்தியோகம். ஐஸ்லாந்தின் தென்கரையில், அவர்கள் ஊர் வெந்நீர் நீச்சல் குளத்துக்கு அவன் காவலாள். குளத்தில் இறங்குமுன் ஒட்டுத்துணி இல்லாமல் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாக வேண்டும். பாதிரியாரானாலும் வங்கி மேலாளரானாலும், அவன் விரலை நீட்டினால் போதும், மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய் அக்குளைத் தேய்ப்பார்கள்.

அப்படிப்பட்டவன் வீட்டு வாசலை மிதித்ததும் பெட்டிப் பாம்பாகிவிடுவான். மனைவி பெர்க்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பேருந்துப் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவளுக்கு ஒரு புருஷன் எம்மாத்திரம்?

அவளை அவன் முதன்முதலில் கண்டதும் அதே குளத்தில்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து, தலையில் மழை தாளம் போட, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் கல்யாணத்தன்று மழை. மகள் ஹுல்டா பிறந்த அன்றும் மழை. இந்த வருஷமோ, வசந்தத்தில் பிடித்த மழை ஜூலை வந்தும் விடவில்லை.

ஒரு காலையில் பெர்க்டிஸ் காபிக் கோப்பையை மேஜையில் வைத்தாள். வைத்த விதத்தைப் பார்த்ததுமே சிக்ஃபூஸ் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

"இந்தக் கோடையில என் மூஞ்சில வெயில் படணும், சிக்ஃபூஸ்."

"படும் கண்ணே, படும்."

"படலேன்னா நான் தெனெரிஃப் தீவுக்குப் போறேன். அக்கா கூட இருந்துக்கறேன். அங்க வருஷம் பூரா வெயில். போறதுக்குத்தான் டிக்கெட். திரும்பறதுக்கு இல்ல."

அவள் கண்ணில் ஈரம் தெரிந்தது. பெர்க்டிஸ் அழுது அவன் பார்த்ததே இல்லை. அந்த ஒரு துளியில் அவனுடைய வீடு, வாசல், வாழ்க்கை எல்லாம் மிதந்து போவதைக் கண்டான்.

"நாளைக்கே கேரவனைக் கட்டறேன்!" என்று எழுந்து நின்றான்.

அந்த நாட்டில் கோடை விடுமுறைக்கு ஊரைத் தேர்ந்தெடுத்துப் புறப்படுகிற வழக்கம் கிடையாது. வானிலை வரைபடத்தில் சூரியன் எங்கே தெரிகிறதோ, அந்தத் திசைக்குக் கேரவன் என்கிற சக்கர வீட்டைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். மறுநாள் வரைபடத்தில் சூரியன் கிழக்கே ஏகில்ஸ்டாதிர் ஊரின்மேல் உட்கார்ந்திருந்தது. பெர்க்டிஸ் காரை ஓட்டினாள். பின்னால் கேரவன் ஆடியாடி வந்தது. சிக்ஃபூஸ் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் சூரியனைக் காவல் காத்தான்.

சாலையின் இடப்பக்கம் பனியாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையிலிருந்து நாக்கை நீட்டின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சூரியன் இருக்கா?" என்பாள் பெர்க்டிஸ்.

"இருக்கு, இருக்கு. அசையல."

"அப்பா, நகர்ந்த மாதிரி தெரியுதே?" என்றாள் பின்னாலிருந்து ஹுல்டா.

"வாயை மூடிட்டுக் கருவாட்டுல வெண்ணெயைத் தடவித் தின்னு."

ஆனால் சூரியன் நகர்ந்துதான் விட்டது. கிழக்கே போய்ச் சேர இன்னும் பாதிப் பகல் ஓட வேண்டியிருக்கையில் சிக்ஃபூஸின் கைபேசி சிணுங்கியது. பக்கத்து வீட்டு லாருஸ் படம் அனுப்பியிருந்தான். அரைக்கால் சட்டையில், சட்டையே இல்லாத தொப்பையோடு, அடுப்பில் ஆட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். அவன் மொட்டைத் தலையில் வெயில் தகதகத்தது. பின்னணியில் தெரிந்தது சிக்ஃபூஸின் சொந்த வீடு. காற்று திசை மாறி வடக்கிலிருந்து வீசுகிறது. கிழக்கே மழை, அவர்கள் தோட்டத்தில் வெயில்!

சிக்ஃபூஸ் கைபேசியைத் தொடைக்கு அடியில் ஒளித்தான்.

"யாரு?" என்றாள் பெர்க்டிஸ்.

"யாருமில்ல."

"அம்மா, லாருஸ் மாமா எனக்கும் அனுப்பியிருக்காரு," என்றாள் ஹுல்டா.

கார் நின்றது. பெர்க்டிஸ் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நம்ம துணிக்கொடி மேல வெயில் அடிக்குது, சிக்ஃபூஸ்," என்றாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அத்தனை மெதுவாகச் சொன்னாள்.

வண்டியைத் திருப்பினாள். ஆனால் விதி விடுமா? பனிமலையின் அடிவாரத்தில் சாலையை அடைத்திருந்தார்கள். மலைமேலிருந்து இறங்கும் காற்று கேரவன்களைக் கவிழ்க்கிறதாம். அங்கேயே ஒரு முகாம் திடலில் ஒதுங்கினார்கள். ஒதுங்கியதும் காற்று வந்தது. கேரவனின் ஒரு பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பி, யோசித்து, மறுபடி உட்கார்ந்தது.

"பாரம் பத்தல!" என்று அலறினாள் பெர்க்டிஸ். "எதையாவது உள்ள ஏத்து!"

சிக்ஃபூஸ் தவழ்ந்தபடி வெளியே போனான். அங்கே, வடக்கேயிருந்து வந்திருந்த ஆண்கள் பாடகர் குழு ஒன்று, பறந்துகொண்டிருக்கும் தங்கள் கூடாரங்களைக் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. எல்லாரும் ஆட்டுப்பண்ணைக்காரர்கள். ஒவ்வொருவரும் ஒரு அலமாரி அளவு இருந்தார்கள்.

"ஐயா, எங்க கேரவன்ல வந்து கொஞ்சம் உட்கார முடியுமா?" என்றான் சிக்ஃபூஸ்.

"காபி இருக்கா?" என்றார் குழுத் தலைவர் ஓர்மர்.

"இருக்கு."

"அப்ப உட்காருவோம்."

பாடகர்கள் ஈரக் கம்பளிச் சட்டையோடு ஏறி, கட்டிலில், மேஜையில், ஒருவர் மடியில் ஒருவராக நிறைந்தார்கள். கேரவன் ஒரு பெருமூச்சு விட்டுத் தரையில் பதிந்தது. செம்மறிக் கிடா வாசனை அடித்தது. ஹுல்டா ஒரு பாடகரின் அக்குளுக்கு அடியிலிருந்து கோப்பைகளை நீட்டினாள்.

அந்த நேரத்தில்தான் மேகம் கிழிந்தது. பனியாறு முழுக்க நீலமும் வெள்ளியுமாகப் பற்றி எரிவதுபோல் மின்னியது. ஜன்னல் வழியே வெயில் பாய்ந்து நேராகப் பெர்க்டிஸின் முகத்தில் விழுந்தது.

"பட்டுடுச்சு! மூஞ்சில பட்டுடுச்சு!" என்று கூவினான் சிக்ஃபூஸ்.

"இது ஜன்னல் வெயில்," என்றாள் அவள். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பாக்கற வெயில். இது செல்லாது."

"எதுக்குச் செல்லாது?" என்று ஓர்மர் கேட்டார். சிக்ஃபூஸ், மனைவியின் அக்கா, தெனெரிஃப், திரும்பாத டிக்கெட் எல்லாவற்றையும் சொன்னான். ஒரு முரட்டுப் பாடகர் மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு குடும்பம் நிக்கறதும் உடையறதும் இதுல இருக்கு," என்றார் ஓர்மர். "செல்லும்ங்கறவங்க கை தூக்குங்கப்பா."

மேல்குரல் பாடுகிறவர்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். கீழ்குரல்காரர்கள் ஒருவர்கூடத் தூக்கவில்லை.

"கண்ணாடி வழியா வந்தா அது வெளிச்சம், வெயில் இல்ல," என்றார் ஒரு கீழ்குரல்.

"உன் பொண்டாட்டி உன்னைக் கண்ணாடி இல்லாம பாத்துட்டா, அதான் ஓடிப் போய்ட்டா," என்றார் ஒரு மேல்குரல்.

"யோவ், வெளிய வா பேசிக்கலாம்!"

"யாரும் எந்திரிக்காதீங்க! பறந்துடுவோம்!" என்று ஹுல்டா வீறிட்டாள்.

சிக்ஃபூஸ் மேலே பார்த்தான். கூரையில், காற்று வருவதற்காக வைத்த சதுர மூடி ஒன்று இருந்தது. ஓர்மரின் தோளில் ஏறித் தாழ்ப்பாளை நீக்கினான். மூடி 'படார்' என்று திறந்து, கழன்று, பனியாற்றின் பக்கம் பறந்தே போய்விட்டது. யாரும் அதற்காக வருந்தவில்லை. அவன் இறங்கி, அந்தத் துளைக்கு நேர்கீழே நாலு காலில் மண்டியிட்டான்.

"ஏறு, பெர்க்டிஸ்."

"உனக்கு முதுகு வலி இருக்கே, மனுஷா."

"நீ போய்ட்டா எனக்கு முதுகு எதுக்கு? ஏறு!"

பெர்க்டிஸ் அவன் முதுகில் ஏறி நின்றாள். ஓர்மர் அவள் ஒரு காலைப் பிடித்தார். சண்டைக்கு நின்ற கீழ்குரல்காரர் மறுகாலைப் பிடித்தார். அவள் தலை கூரைக்கு வெளியே போயிற்று. சிக்ஃபூஸுக்குத் தரைவிரிப்பும் ஒரு பாடகரின் கிழிந்த காலுறையும் மட்டுமே தெரிந்தன. மேலே காற்று ஊளையிட்டது.

"பெர்க்டிஸ்? படுதா?"

அவன் கண்ணீர் தரைவிரிப்பில் சொட்டியது. பிறகு, காற்றையும் மீறிக் கேட்டது அந்தச் சிரிப்பு. வெந்நீர்த் தொட்டியில் கேட்ட அதே சிரிப்பு.

"ஹுல்டா!" என்று மேலிருந்து கத்தினாள். "பெரியம்மாவுக்கு ஃபோன் போடு. நான் குடியிருக்க வரலைன்னு சொல்லு. ஒரு வாரம் வரேன். அப்பாவையும் கூட்டிட்டு வரேன். திரும்பறதுக்கும் டிக்கெட் போடச் சொல்லு."

மேல்குரல்கள் ஆரவாரம் செய்தன. கீழ்குரல்களும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டன. சிக்ஃபூஸின் முதுகெலும்பில் அவள் குதிகால் ஆணிபோல் இறங்கியது. இதைவிடப் பெரிய சுகத்தை அவன் அதுவரை அனுபவித்ததில்லை.

"இறங்கறியா, கண்ணே?" என்றான்.

"இரு. முதுகை இன்னும் கொஞ்சம் தூக்கு," என்றாள் அவள். "கழுத்துலயும் படட்டும்."