பச்சைச் சுவர் வீட்டில் கடைசி ஷாட்

நம்ம ஆளுக்கு வயது இருபத்தெட்டு. கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் யார் வீட்டு மாப்பிள்ளையையோ வெட்டி ஒட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் சொந்தப் படத்தை எடுப்பான். மூன்று வருடமாக எடுக்கிறான். ‘என் யூனிட்’ என்று வாய் நிறையச் சொல்வான். யாரப்பா அந்த யூனிட் என்று போய்ப் பார்த்தால் இவன், கடைக் கேமராவை இரவல் வாங்கிவரும் ஒரு கேமராமேன், மைக்கைக் கம்பில் கட்டித் தூக்கிப் பிடிக்கும் ஒரு சவுண்டுக்காரன். கதாநாயகி இவன் அம்மா.

அம்மாவை விட்டால் வேறு யார் வருவார்கள்? சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். அவளுக்கும் லீவு ஞாயிறு ஒன்றுதான். அந்த லீவை மூன்று வருடமாக மகன் தின்றுகொண்டிருக்கிறான். இங்கே நில், அங்கே பார் என்றால் அப்படியே செய்வாள். முதுகு விட்டுப்போனாலும் வாயைத் திறக்க மாட்டாள். “புள்ள ஏதோ பண்றான், பண்ணட்டும்” என்று பக்கத்து மெஷின்காரியிடம் சொல்லிக்கொள்வாள்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு ஷாட். படத்தில் தாய்க்கு ஒரு போன் வருகிறது. மகன் செத்துப்போனான் என்கிறார்கள். அவள் உடைந்து அழ வேண்டும். அது இல்லையென்றால் படமே இல்லை. எடுக்கிற இடம் கேமராமேனின் தாய்மாமன் வீடு. காலியாகக் கிடந்த வீடு, காரை பெயர்ந்த பச்சைச் சுவர். பாதிப் படம் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நடக்கிறது. மாமனோ வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்து, வெள்ளையடிக்க ஆள் பேசிவிட்டார். இந்த ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குப் பெயிண்டர்கள் வருவார்கள். சுவர் வெள்ளையாகிவிட்டால் இனி எடுப்பது ஏற்கெனவே எடுத்ததோடு ஒட்டாது. மூன்று வருடமும் குப்பைக்குப் போகும்.

காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை பத்தொன்பது டேக். அம்மா அழவில்லை. முகத்தைச் சுருக்கினாள், கண்ணைக் கசக்கினாள், மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் பிடித்தவளாகத் தெரிந்தாளே ஒழிய, பிள்ளையைப் பறிகொடுத்தவளாகத் தெரியவில்லை. கிளிசரின் போட்டுப் பார்த்தார்கள். எரிகிறது என்று சிரித்துவிட்டாள்.

“வரலடா. நான் என்ன பண்ணட்டும்? வேணும்னா வெங்காயம் உரிக்கிற மாதிரி சீனை மாத்திக்கோயேன்.”

இவனுக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணன் போன அன்றைக்கே அழாதவள், இன்றைக்கா அழுதுவிடப் போகிறாள்?

அந்த அண்ணன் கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு வாய்த்தகராறு. அம்மா கை நீட்டிவிட்டாள். கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே போன பெரியவன் திரும்பவே இல்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் இந்த ஏழு வருடத்தில் நம்பரை மாற்றவும் இல்லை. குளிக்கப் போனாலும் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் போவாள்.

சவுண்டுக்காரனைப் பார்க்கும்போதெல்லாம், “உன் தொண்டை அப்படியே எங்க பெரியவன் தொண்டைடா கண்ணு” என்பாள். பாவிக்கு அது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

சவுண்டுக்காரனை மாடிப்படிக்கு ஓரங்கட்டிக்கொண்டு போனான். “மச்சான், நீ மொட்டை மாடிக்குப் போ. உன் புது நம்பர்லேர்ந்து அம்மாவுக்குப் போன் போடு. பெரியவன் பேசறேன்னு சொல்லு.”

“டேய், நீயெல்லாம் மனுஷனாடா?”

“ரெண்டே நிமிஷம்டா. சந்தோஷத்துல அழுதாலும் குளோசப்ல துக்கமாத்தான் தெரியும். லென்ஸுக்கு என்ன தெரியும்? அப்புறம் நானே சொல்லிடறேன்.”

சவுண்டுக்காரன் நல்லவன்தான். ஆனால் அவனும் மூன்று வருடம் அந்தக் கம்பைத் தூக்கியிருக்கிறான். போனான்.

‘ஆக்‌ஷன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மா நடிக்க ஆரம்பித்துவிடுவாள். ஆகவே திருட்டுத்தனமாகத்தான் ரெக்கார்டு போட வேண்டும். கேமராவின் சிவப்பு விளக்கின் மேல் டேப் ஒட்டி, திரையையும் மடக்கிவிட்டார்கள். கேமராமேன் பொத்தானை அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல ஜன்னல் பக்கம் ஒதுங்கினான். நம்ம ஆள் சும்மா இருந்தானா? யாரையும் நம்பாத ஜென்மம். கேமராவைத் தாண்டிப் போகிற சாக்கில் இவனும் ஒரு அமுக்கு அமுக்கினான்.

போன் அடித்தது.

“யாரு? சத்தமாப் பேசுங்க. யாரு?” அம்மாவின் கை சுவரைத் தேடியது. “பெரியவனா? டேய்... டேய் கண்ணா...” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருடம் அடைத்து வைத்திருந்தது பீறிட்டுக்கொண்டு வந்தது. “அடிச்சிட்டேனேடா! உன்னைப் போய் அடிச்சிட்டேனேடா! இந்தக் கை வெளங்காமப் போகட்டும்!” என்று கையைத் தரையில் அறைந்தாள். கேமராமேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நம்ம ஆளுக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆகா, இதுதான்டா சினிமா!

மாடியில் இருந்தவன் லைனைத் துண்டித்ததும் நம்ம ஆள் ஓடிவந்து கேமராத் திரையைத் திறந்து பார்த்தான். பதிவானது ஒன்பது விநாடி. அம்மா புறங்கையால் கழுத்தைத் துடைக்கிறாள், அவ்வளவுதான். ஒருவன் போட்டதை இன்னொருவன் அணைத்திருக்கிறான்.

“நீ எதுக்குடா தொட்ட?” என்று கேமராமேன் பல்லைக் கடித்தான்.

“நீ மறந்துட்டியோன்னு நெனச்சேன்டா.”

வாசலில் ஏணியைச் சாத்திவிட்டுப் பெயிண்டர்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்றே முக்கால்.

நெஞ்சில் கொஞ்சமாவது ஈரம் இருந்தால் அந்த இடத்தில் அம்மா காலில் விழுந்திருப்பான். இவன் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். “லைன் கட் ஆயிருக்கும்மா. மறுபடி கூப்பிடுவான். இந்த இடத்தை விட்டு நகராத, இங்கதான் சிக்னல் கிடைக்குது.”

அம்மா பாட்டில் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். விரலாலேயே தலையைக் கோதிச் சரிசெய்தாள். “நான் அழுததுல பயந்துபோய் வச்சிட்டான்டா. இந்தத் தடவை சிரிச்சுப் பேசறேன் பாரு.”

மறுபடி போடு என்று மாடிக்கு ஒரு மெசேஜ் போனது, போன் அடித்தது. சொன்னபடியே செய்தாள். இம்முறை கேமரா ஒழுங்காக ஓடியது, அம்மா முகமெல்லாம் சிரிப்பு. “சாப்பிட்டியா? பல்லு வலி இருந்துச்சே, இப்ப எப்படி இருக்கு? தம்பி இங்கதான் இருக்கான். படம் எடுக்கறான். நல்லா எடுப்பான்டா, நீ வந்து பாக்கணும்.” டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டான். சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

“எப்படா வருவ?” என்று கேட்டாள் அம்மா.

அதற்கு மேல் சவுண்டுக்காரனால் முடியவில்லை. காதில் வைத்த போனோடு படியிறங்கி வந்து அறை வாசலில் நின்றான். கண்ணெல்லாம் தண்ணீர். “அம்மா... நான்தாம்மா. மன்னிச்சிடுங்கம்மா.” அவளுக்குக் காதிலும் கேட்டது, எதிரிலும் கேட்டது.

அவனைப் பார்த்தாள். பிறகு கேமராவை. பிறகு அதற்குப் பின்னால் நின்ற மகனை. உதட்டில் இருந்த சிரிப்பை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கிட்டே போ என்று மகன் விரலால் சைகை காட்டினான். கேமராமேன் நகரவில்லை. அவனைத் தள்ளிவிட்டுத் தானே லென்ஸைத் திருகினான்.

“அம்மா, கேமராவைப் பாக்காத. போனைப் பாரு. அப்படியே இரு.”

பெற்ற தாயிடம் அந்த நேரத்தில் வாயில் வந்த வார்த்தை இது.

அவளும் போனைப் பார்த்தாள். சொன்னதைச் செய்துதானே பழக்கம். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்தது. சத்தமே இல்லாமல் கண்ணீர் இறங்கி, தாடையிலிருந்து போன் மேல் சொட்டியது. பின்னால் பச்சைச் சுவர். அவன் மனசுக்குள் நூறு வரை எண்ணிவிட்டுத்தான் ‘கட்’ சொன்னான்.

“கிடைச்சிருச்சாடா?”

“கிடைச்சிருச்சும்மா.”

அம்மா சவுண்டுக்காரனைக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று அவன் தலைகுனிந்து வந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, மறுபடி மாடிக்குப் போறியா? இன்னும் ஒரே ஒரு தடவை போன் போடு. நீதான்னு எனக்குத் தெரியும், பரவால்ல. அவன் மாதிரியே அம்மான்னு கூப்பிட்டு, வந்துடறேன்னு சொல்லு. படத்துக்கு இல்லப்பா. எனக்கு.”

சவுண்டுக்காரன் விம்மிக்கொண்டே டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் அந்த ஷாட்டைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

“நேரமாயிருச்சும்மா. பெயிண்டருங்க உள்ள வரணும், எழுந்திரு,” என்றான்.