கட்டைவிரல் வலியும் ஒரு பொய்யும்

முதலில் அதைச் சுளுக்கு என்றுதான் நினைத்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு விடியற்காலை, என் வீட்டுக்காரர் பாயிலிருந்து எழுந்து இடது காலை ஊன்றியவர் “ஐயோ” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். கட்டைவிரலின் அடிமூட்டு மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே பல்லைக் கடித்தார்.

ஆரணியில் எங்களுக்குக் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்தினால்தான் பட்டுச்சேலை நகரும். கால் படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும். அந்தப் பயத்தில் எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டேன். அவர் போட்ட அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது. இதே வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சிவந்து கொதிக்கிற மூட்டை நீவாதீர்கள். நான் செய்த பாவம் உங்களுக்கு வேண்டாம்.

உள்ளூர் மருத்துவர் பார்த்ததுமே சொன்னார். “கவுட் மாதிரி இருக்கு.” (மூட்டுக்குள் உப்பு போன்ற படிகங்கள் தேங்கி வரும் வாதம்.) “தண்ணி கிண்ணி போடுவீங்களா? குடிக்கறவங்களுக்கு இது ஜாஸ்தி வரும்.”

இவர் இல்லையென்று தலையாட்டினார். மருத்துவர் வேறு காரணங்களும் சொன்னார். என் காதில் விழுந்தது அந்த ஒன்றுதான்.

எங்கப்பாவைக் குடிதான் கொண்டுபோனது. பெண் பார்க்க வந்தபோது இவரிடம் நான் கேட்டதே ஒரு கேள்விதான்: குடிப்பீங்களா? இல்லை என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்.

ஐந்தாறு நாளில் வலி இறங்கியது, சந்தேகம் இறங்கவில்லை. சட்டையை மோந்து பார்த்தேன். பட்டு நூல் வாங்கப் போனவர் அரைமணி தாமதமாக வந்தால் வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொன்னேன். கட்டின புருஷனை! வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவரும் ஊதினார்.

இரண்டு மாதத்தில் அதே விரல் மறுபடி வீங்கியது. “பட்ட காலிலே படும்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு வந்ததே கோபம்!

“இன்னும் எத்தினி நாளிக்கு என்னை ஏமாத்திகினு இருப்பீங்க?”

“நான் தொட்டதே இல்ல, கலா.”

“அப்ப இது எப்டி வந்துச்சாம்?”

பாவம், அவருக்கு மட்டும் தெரியுமா என்ன? நான் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். ஒன்பது நாள் பேச்சில்லை. சோற்றுத் தட்டை வைப்பேன், எடுப்பேன், அவ்வளவுதான். அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வலி கணுக்காலுக்கும் ஏறியது.

பத்தாம் நாள் சுவரைப் பார்த்தபடி சொன்னார். “ஆமா. எப்பனா குடிச்சிருக்கேன். இனிமே தொடமாட்டேன், போதுமா?”

நான் அழுதேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன். மறுநாள் வேலூருக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் (சிறுநீரில் வெளியேற வேண்டிய கழிவு) கூடுதலாக இருந்தது. மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. “தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?” என்று கேட்டார்.

இவர் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். “அப்பப்ப குடிக்கிறாரு மேடம். அவரே ஒத்துகினாரு.”

“சாராயத்தக் கேக்கலம்மா. குடிக்கிற தண்ணி. பச்சத்தண்ணி.”

“ரெண்டு டம்ளர் இருக்கும் மேடம்,” என்றார் இவர் மெல்ல. “ஈரக்கை பட்டா பட்டு கறையாயிடும். குழியவிட்டு அடிக்கடி எழுந்து போவவும் முடியாது.”

“குடிப்பழக்கம்?”

இவர் என்னை ஒருமுறை பார்த்தார். “இல்ல மேடம். வீட்ல சும்மா சொன்னேன்.”

மருத்துவர் நிதானமாக விளக்கினார். இது பரம்பரையாகவும் வரலாம். இவர் அப்பாவுக்கும் கால் வீக்கம் இருந்ததாம். தண்ணீர் குறைந்தால் கழிவு சரியாக வெளியேறாது. சிறுநீரகக் கோளாறு, சில ரத்த அழுத்த மாத்திரைகள், ஈரல், கருவாடு, குடி, எதுவும் அதைக் கூட்டலாம். குடி பலவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

“நான் பேசாம இருந்ததால முத்திப்போச்சா மேடம்?” என்று கேட்டேன்.

“அதனாலயே வராதும்மா. ஆனா தூக்கம் கெட்டு, தண்ணி இறங்காம கெடந்தா, வலி லேசுல வுடாது.”

வலிக்குக் கொஞ்ச நாள் மாத்திரை, யூரிக் அமிலத்துக்கு வருஷக்கணக்கில் மாத்திரை. வலி இல்லையென்று நாமாக நிறுத்தக்கூடாது என்றார். இவர் ஒருமுறை நிறுத்தினார், மறுமாதமே நொண்டினார். அதிலிருந்து விடுவதில்லை. தறியிலிருந்து கைக்கெட்டாத தூரத்தில் மூடிபோட்ட செம்பு இருக்கிறது. மணிக்கொருமுறை எழுந்து குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். நெத்திலிக் கருவாடு என்றால் உயிர், அதையும் குறைத்துக்கொண்டார்.

இந்த நோய் வந்த வீட்டில் நாட்கள் இரண்டே வகை. கால் இருப்பதே தெரியாத நாள், காலைத் தவிர வேறெதுவும் தெரியாத நாள். இப்போதெல்லாம் முதல் வகைதான் அதிகம். அப்படிப்பட்ட நாளில் அவர் சாதாரணமாக நடந்துபோவதை நான் நின்று பார்ப்பேன். முன்பெல்லாம் யார் பார்த்தார்கள்?

ஒரு கேள்வியைக் கேட்க மட்டும் எனக்கு ஏழெட்டு வருஷம் ஆனது. சென்ற மழைக்காலத்தில், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். “குடிக்காமயே ஏன் குடிச்சேன்னு சொன்னீங்க?”

அவர் தறியை நிறுத்தவில்லை.

“இல்லன்னு சொன்ன வரிக்கும் நீ கிட்ட வரலியே, கலா. வலி தாங்கல. ஆமான்னு சொன்னா திட்டுவே, அழுவே, அப்பறம் நீயே வந்து கால்கிட்ட ஒக்காருவேன்னு தெரியும்.”