போய்ச் சேர்ந்த சேதி

அக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. ஊர்க்கோடியில் இருந்த பெரிய ஹோமில் பதினெட்டு வருஷம் ஆயாவாக வேலை பார்த்தவள். அறிவு வளர்ச்சி குறைவு என்று சொல்லி வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்ட நூற்று நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பி, ஒரே நேரத்தில் குளிக்க வைத்து, சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பிக்கதவைப் பூட்ட வேண்டும். பிறகு, அவர்களில் சிலரை வெளியே வாடகை வீட்டில் குடிவைக்க ஒரு அமைப்பு வந்தது. சம்பளம் குறைவு என்று தெரிந்தே அதில் போய்ச் சேர்ந்தாள். அடுப்பு பற்றவைப்பது, சாவியைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வது, கதவைத் தட்டுவது யார் என்று கேட்டுவிட்டுத் திறப்பது என்று ஒவ்வொன்றையும் மாசக்கணக்கில் சொல்லிக்கொடுப்பாள். பூட்டியதற்கெல்லாம் பரிகாரம் செய்வதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

பாப்பா அந்த ஹோமிலிருந்து அவளிடம் வந்து நாலு வருஷமாகிறது. முப்பத்தொன்பது வயசு, அக்காவைவிட அரை அடி உயரம், ஆனாலும் அவள் வீட்டாருக்குப் பாப்பாதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கிற வேலை. மடிப்பு கோணினால் பிரித்து மறுபடி மடிப்பாள். சூப்பர்வைசர் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து பார்ப்பாள். மறு ஞாயிறு இவள் அம்மா வீட்டுக்குப் போவாள், இரண்டு பஸ் மாறி, தன்னந்தனியாக.

அந்தப் பஸ் பயணத்துக்காக அக்கா எட்டு மாசம் தலைகீழாக நின்றாள். கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். போன இடத்தில் கால் வைத்ததும் போன் செய்து, ‘போய்ச் சேர்ந்துட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அப்படியானால் அம்மாவும் சொல்லட்டும் என்று பாப்பா மடக்கினாள். நியாயம்தானே. அன்றிலிருந்து அம்மாவும் வீடு திரும்பியவுடன் மகளுக்குப் போன் செய்து அதே வார்த்தையைச் சொன்னாள்.

ஒரு புதன்கிழமை காலையில் அந்த அம்மா மாரடைப்பில் இறந்துபோனாள். அண்ணன்காரன் தங்கையைக் கூப்பிடவில்லை. அவளுக்கு என்ன புரியப்போகிறது, வந்த இடத்தில் ரகளை பண்ணினால் யார் சமாளிப்பது என்று அமைப்பின் மேனேஜரிடம் சொன்னானாம். எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளிக்கிழமை, மனசு கேட்காமல் அவனே போன் செய்தான். செத்துப்போனாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாம் எல்லோரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

“அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க, பாப்பா.”

“சரி” என்று பாப்பா போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே அக்காவிடம் சந்தோஷமாக வந்து சொன்னாள். அம்மா எங்கேயோ கிளம்பிப் போயிருக்கிறாளாம், பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம், எந்த இடம் என்று சொல்ல அண்ணன் மறந்துவிட்டானாம். அக்காவுக்கு விஷயம் தெரியும். இது குடும்ப விஷயம், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று மேனேஜர் காலையிலேயே கண்டித்திருந்தார். திறந்திருக்க வேண்டும். ஆனால் அவள், இன்றைக்கு எத்தனை துண்டு மடித்தாய் என்று பேச்சை மாற்றினாள். இதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா அம்மா வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. அவள் அழவில்லை. அம்மா வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறாள், கண்டுபிடித்தால் ஆயிற்று. பஸ் பஸ்ஸாக ஏறி, ஒவ்வொன்றிலும் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கே இருந்தவர்களையெல்லாம் கேட்டாள். திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பஸ் பணிமனைக் காவலாளி அவளைக் கண்டார். மழையில் ஊறிய உடுப்பு, ஒற்றைச் செருப்பு, நெற்றியில் ரத்தக்காயம். யார் அடித்தார்கள், எங்கே விழுந்தாள் என்று இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் கூட்டம். இனி பாப்பாவுக்குப் பொறுப்பு அண்ணன்தான். ஹோமில் ஒரு கட்டில் காலியாக இருந்தது, படிவமும் மேஜைமேல் தயாராக இருந்தது. நெற்றியில் கட்டோடு பாப்பாவும் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கெட்டவன் இல்லை. தூங்காமல் சிவந்த கண்ணோடு மேனேஜரைப் பார்த்துச் சொன்னான்.

“வெளியில விட்டா இப்படித்தான் ஆகும் மேடம். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?”

அக்கா அதற்குமேல் பொறுக்கவில்லை. பாப்பா வழி தவறவே இல்லை, தப்பாகச் சொல்லி அனுப்பியது நாம்தான் என்றாள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா செத்துட்டாங்க, பாப்பா. இனிமே எங்கயும் இல்ல. வர மாட்டாங்க.”

பாப்பா அண்ணன் பக்கம் திரும்பினாள். எப்போது என்று கேட்டாள். போன வாரம் புதன்கிழமை என்றான், தலை நிமிராமல். அவள் விரல்விட்டு எண்ணினாள். மூன்றாவது விரலில் நின்று அக்காவைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

அந்த இடத்திலாவது பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அக்காவால் முடியவில்லை.

“தெரியும்.”

பாப்பா கையை உருவிக்கொண்டாள். சத்தம் போடவில்லை, ரகளையும் பண்ணவில்லை.

“நான் ஹோமுக்கே போறேண்ணா. அங்க யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

மேஜைமேல் இருந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை வாங்கி, அக்கா ஒரு வருஷம் கூடவே உட்கார்ந்து பழக்கிவிட்ட கையெழுத்தை நிதானமாகப் போட்டாள். அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா தடுக்க வாயெடுத்தாள். இவர்கள் முடிவை இவர்களே எடுக்கட்டும், நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சண்டை போட்டது அவள்தான்.